மலாய் வரிகளை வாசித்துக்கொண்டிருந்தால் ஆங்கிலம் காதில் ஏறாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஸ்.பி.எம். எனப்படும் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வின் ஆங்கிலப் பாடத்தைப் பற்றி அண்மைக் காலமாக வாசகர்கள் இப்பகுதியில் எழுதிவரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே அறிவுரையில்தான் வந்து நிற்கின்றன: பிள்ளைகளை ஆங்கிலப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பார்க்கச் சொல்லுங்கள், கேட்டல் திறன் தானாக வளர்ந்துவிடும் என்பதே அது. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், தானாக வளரும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. படம் பார்ப்பது நல்ல வழிதான், அதில் ஐயமில்லை. ஆனால் நம் நாட்டில் வழக்கமாகப் பார்க்கும் விதத்தில் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் காது இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கான காரணம் திரையின் அடிப்பகுதியில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

திரையரங்கில் ஆங்கிலப் படம் பார்த்தால் கீழே சப்டைட்டிலாக மலாய் வரியும் சீன வரியும் ஓடும். வீட்டில் ஆர்.டி.எம். அல்லது டிவி 3 அலைவரிசையில் ஆங்கிலத் தொடர் பார்த்தாலும் மலாய் சப்டைட்டில் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகளும் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே மலாயைச் சரளமாக வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே பாத்திரம் ஆங்கிலத்தில் வாய் திறந்த உடனே கண் கீழே இறங்குகிறது, மலாயில் பொருள் கிடைத்துவிடுகிறது, அடுத்த காட்சிக்கு மனம் போய்விடுகிறது. காதுக்கு அங்கே வேலையே இல்லை. படம் முழுவதும் புரிந்தது என்று பிள்ளை சொல்வது உண்மை. எந்த மொழி வழியாகப் புரிந்தது என்பதைத்தான் பெற்றோர் கேட்பதில்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தீபாவளி நாளில் தொலைக்காட்சியில் போடும் தமிழ்ப் படத்தை மலாய் சப்டைட்டிலோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் மலாய் அண்டை வீட்டார் நம் எல்லாருக்கும் உண்டு. பெரிய நடிகர்களின் பெயர்கள் தெரியும், கதையை நம்மைவிடக் கோவையாகச் சொல்வார்கள். ஆனால் பல ஆண்டுகள் பார்த்த பிறகும் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் அவர்கள் காதில் தங்கியிருக்காது. கொரியத் தொடர்களை விடிய விடியப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களின் நிலையும் அதுதான். இதில் குறை சொல்ல ஏதுமில்லை, ஏனெனில் அவர்கள் மொழி கற்கும் நோக்கத்தோடு பார்க்கவில்லை. ஆனால் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளையும் அதே விதத்தில் பார்த்துவிட்டு வேறு பலனை எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

ஆய்வும் இதையே காட்டியுள்ளது. நெதர்லாந்தில் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் நன்கு அறிந்த டச்சு மொழி மாணவர்களுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து அல்லது ஆஸ்திரேலிய உச்சரிப்பு நிறைந்த காட்சிகளை அரை மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில சப்டைட்டில், சிலருக்கு டச்சு சப்டைட்டில், சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு அதே பேச்சாளர்கள் பேசிய வேறு வாக்கியங்களை ஒலிபரப்பி, கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, ஆங்கில வரிகளோடு பார்த்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். தாய்மொழி வரிகளோடு பார்த்தவர்களோ, எந்த வரியும் இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கியிருந்தார்கள். மொழிபெயர்ப்பு வரி உதவாமல் போவது மட்டுமல்ல, புதிய உச்சரிப்புக்குக் காது பழகுவதைத் தடுக்கவும் செய்கிறது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. ஆங்கில ஒலியும் ஆங்கில எழுத்தும் ஒரே நேரத்தில் வந்தால்தான், இந்த ஒலிக்கூட்டம் இந்தச் சொல் என்று மூளை முடிச்சுப்போட முடியும்.

இந்த முடிச்சு நம் பிள்ளைகளுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் துணைப்பாட வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. தமிழிலும் மலாயிலும் ஒவ்வோர் அசைக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடம் கொடுத்துப் பேசுகிறோம், நாம் மலேசியாவில் பேசும் ஆங்கிலமும் அப்படியே. பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் பேசும் ஆங்கிலம் அப்படியல்ல. வாக்கியத்தில் முக்கியமான சொல்லை அழுத்தி, மற்றவற்றை அவசரமாக விழுங்கிவிடுவார்கள். 'வாட் டிட் யூ டூ' என்று நாம் நான்கு சொற்களாகப் படித்தது அவர்கள் வாயில் 'வாடிஜ டூ' என்று வரும். 'குட் ஹேவ்' என்பது 'குடவ்' ஆகிவிடும். 'கம்ஃபர்டபிள்' என்ற சொல்லில் நடுவிலுள்ள ஓர் அசை காணாமல் போய் 'கம்ஃப்டபிள்' என்று ஒலிக்கும். எழுத்தில் பார்த்தால் ஒரு சொல்கூட நம் பிள்ளைகளுக்குப் புதியதல்ல. காதில் விழும்போது மட்டும் அந்நிய மொழியாகத் தெரிகிறது.

மிகவும் தொல்லை கொடுப்பது முடியும், முடியாது என்பதற்கான இரண்டு சொற்கள்தான். 'ஐ கேன் டூ இட்' என்று ஓர் அமெரிக்கர் சொல்லும்போது, 'கேன்' என்பதை அழுத்த மாட்டார், 'ஐ க்கன் டூ இட்' என்று தேய்த்துவிட்டு 'டூ' மீது அழுத்துவார். முடியாது என்று சொல்ல வரும்போது 'கேன்ட்' என்பதை அழுத்தமாகவும் தெளிவாகவும் சொல்வார், ஆனால் கடைசி 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும். நம் பிள்ளையின் காதில் தெளிவாக விழுந்த 'கேன்' உண்மையில் 'கேன்ட்'. விளைவு, முடியாது என்று சொன்னவர் முடியும் என்று சொன்னதாக விடைத்தாளில் குறிக்கப்படுகிறது. பிரிட்டிஷார் இதே எதிர்மறைச் சொல்லைக் 'கான்ட்' என்று ஆகாரம் நீட்டிச் சொல்வதால் அங்கே குழப்பம் குறைவு. இந்த வேறுபாட்டை இலக்கண விதியாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பயனில்லை. சில டஜன் முறை காதால் கேட்டு, அதே நொடியில் ஆங்கில எழுத்தில் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அந்த வாய்ப்பைப் பாடநூலைவிடப் படமும் தொடரும் தாராளமாகத் தருகின்றன.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். முதல் ஆங்கிலப் பாடத்தில் கேட்டலுக்கென்று தனித்தாள் வந்துவிட்டது: 40 நிமிடம், 30 கேள்விகள். மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு அதற்கு. அதே 2021இல், முவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்விலும் கேட்டல் பகுதியின் பங்கு 15 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டால் போதும் என்றிருந்த காலத்தில் படித்த பெற்றோர் பலர் இந்த மாற்றத்தின் கனத்தை இன்னும் உணரவில்லை. இதைக் காரணம் காட்டித் தமிழ்ப்பள்ளிகளின் மீது பழி போடுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தேசியப் பள்ளியிலிருந்து வந்த மாணவர்களும் இதே 'கேன்'னில்தான் தடுமாறுகிறார்கள்.

தேர்வோடு முடிந்துவிடும் காரியமும் அல்ல இது. பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் பன்னாட்டு நிறுவனங்களின் இடமாக இருந்து வருகிறது. அங்கே வேலைக்குச் சேரும் நம் இளைஞர்கள் இணையவழிக் கூட்டத்தில் டெக்சாஸ்காரரையும் அயர்லாந்துக்காரரையும் ஒரே மணி நேரத்தில் எதிர்கொள்கிறார்கள். பட்டயப் படிப்பில் நல்ல மதிப்பெண், கை வேலையில் கெட்டிக்காரத்தனம், எல்லாம் இருந்தும் கூட்டத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முடிந்த பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் "என்ன சொன்னார்?" என்று கேட்கும் நிலையில் சிலர் இருப்பதை என் பழைய மாணவர்களே கூச்சத்துடன் சொல்லியிருக்கிறார்கள். தேர்வில் போல அங்கே யாரும் இரண்டாவது முறை ஒலிப்பதிவைப் போட்டுக்காட்ட மாட்டார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதல் வேலை, சப்டைட்டிலை ஆங்கிலத்துக்கு மாற்றுவது. இணையவழிப் படச் சேவைகளில் மொழித் தெரிவில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். செவிப்புலன் குறைந்தோருக்கென்று தனியாக ஓர் ஆங்கில வரி இருந்தால் அதுவே மேல். கதவு தட்டும் ஓசை, பெருமூச்சு முதற்கொண்டு குறித்திருப்பார்கள், பேச்சையும் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் எழுதியிருப்பார்கள். சாதாரண வரிகளில் இடம் போதாமல் வசனத்தைச் சுருக்கிவிடுவதுண்டு. யூடியூப் தானாகப் போடும் வரிகளை முழுதாக நம்ப வேண்டாம். பெயர்களிலும் அழுத்தமான வட்டார உச்சரிப்பிலும் அது வாய்க்கு வந்ததை எழுதிவிடும்.

இரண்டாவதாக, முழுப்படத்தையும் பாடமாக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார எந்தப் பிள்ளையாலும் முடியாது, நம்மாலும் முடியாது. படத்தை வழக்கம்போல் ரசித்துப் பார்க்கட்டும். பார்த்து முடித்த பிறகு, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிகளை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு முறை கேட்க வேண்டும். காதில் விழுந்ததைத் தாளில் எழுத வேண்டும், விழாத இடத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். பிறகு ஆங்கில வரிகளைப் போட்டு, கோடு போட்ட இடங்களில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பாடம் இருக்கிறது. அந்த இடத்தில் இருந்தது தெரியாத சொல்லா, தெரிந்த சொல் விழுங்கப்பட்டதா என்று பிள்ளையே பிரித்துப் பார்க்கட்டும். முக்கால்வாசி இடங்களில் தெரிந்த சொல்லாகவே இருக்கும் என்பது என் அனுபவம். கடைசியாக மறுபடியும் வரிகளை நிறுத்திவிட்டு அதே காட்சியைக் கேட்டால், முன்பு இரைச்சலாக இருந்தது இப்போது பேச்சாகக் கேட்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. முதல் வாரத்துக்கு அது பரவாயில்லை, அதையே பழக்கமாக்கிக்கொண்டால் இயல்பான வேகம் என்றைக்கும் அந்நியமாகவே இருக்கும்.

எதைப் பார்ப்பது என்பதிலும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. சண்டைப் படங்களில் வெடிச்சத்தம் அதிகம், வசனம் குறைவு. அரசர் காலத்துப் படங்களில் வரும் ஆங்கிலம் இன்று எங்கும் உதவாது. ஆங்கிலச் செய்தியைப் பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் மூச்சு விடாமல் எழுதிய வாக்கியங்களை வாசிக்கும் செய்தி, தொடக்க நிலையில் இருப்பவரைச் சோர்வடையச் செய்துவிடும். டேவிட் அட்டன்பரோவின் இயற்கை ஆவணப்படங்களைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். நிதானமான குரல், முழு வாக்கியம், அவர் எதைச் சொல்கிறாரோ அது அதே நேரத்தில் திரையில் நடந்துகொண்டிருக்கும். சமையல் போட்டி நிகழ்ச்சிகளும் அவ்வாறே. கை செய்வதை வாய் சொல்லிக்கொண்டே போகும், அதோடு வெவ்வேறு ஊர்க்காரர்களின் உச்சரிப்பும் கிடைக்கும்.

அதன் பிறகு குடும்ப நகைச்சுவைத் தொடர்கள். ஒரே வீடு, அதே ஐந்தாறு பேர், அதே கிண்டல், அதே சண்டை. முதல் இரண்டு மூன்று பாகங்கள் சிரமம் கொடுக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொருவர் குரலும் பேச்சு வழக்கமும் பழகிவிடும், சொற்களும் திரும்பத் திரும்ப வரும். வாரத்துக்கு ஒரு புதுப்படம் பார்ப்பதைவிட ஒரே தொடரைப் பிடித்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். சொல்வளம் எவ்வளவு தேவை என்று கேட்பவர்களுக்கு ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் ஆகியோர் 2009இல் செய்த கணக்கு உதவும்: ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் (ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆள், ஊர்ப் பெயர்களும் தெரிந்தால், படங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் வரும் சொற்களில் சுமார் 95 விழுக்காடு தெரிந்தவையாக இருக்கும். படிவம் நான்கு, ஐந்து மாணவர் முயன்றால் எட்டக்கூடிய தூரம்தான் அது. அந்த அளவை இன்னும் நெருங்காத பிள்ளைக்கு, படத்தைவிட வாசிப்புத்தான் முதலில் தேவை. இதைப் பெற்றோரிடம் சொன்னால் முகம் வாடுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பையன்கள் தொடர் பார்க்க மாட்டார்கள், பந்துதான் பார்ப்பார்கள் என்று தாய்மார்கள் முறையிடுவார்கள். பார்க்கட்டும். இங்கிலாந்துப் பிரீமியர் லீக் ஆட்டத்தின் ஆங்கில வருணனையைப் போல் எளிதாகக் கிடைக்கும் கேட்டல் பயிற்சி வேறில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அதே சொற்றொடர்கள், கண் முன்னே நடப்பதையே பேச்சு சொல்கிறது, சப்டைட்டிலும் இல்லை. மாமாக் உணவுக்கடையில் இருபது பேர் கூச்சலுக்கு நடுவில் பார்த்தால் மட்டும் பயனில்லை. ஆட்டம் முடிந்த பிறகு பயிற்றுநர்கள் கொடுக்கும் நேர்காணல்களை வீட்டில் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்பானியர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர் என்று ஆளுக்கொரு ஆங்கிலம் பேசுவார்கள், பாயான் லெப்பாஸ் கூட்டத்தில் கேட்கப்போவதும் அந்த ஆங்கிலம்தான்.

வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாததல்ல. கூடத்தில் ஒரு தொலைக்காட்சிதான், மாலையானால் அது பாட்டிக்கும் தமிழ்த் தொடருக்கும் சொந்தம். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை, பிடுங்கவும் கூடாது. ஆங்கிலம் பார்த்தால் தமிழ் போய்விடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. கைப்பேசியும் காதில் மாட்டும் ஒலிப்பானும் இந்தப் பயிற்சிக்குப் போதும். சொல்லப்போனால் கூடத்துத் தொலைக்காட்சியைவிட அதுவே மேல், ஏனெனில் மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கி பெரும்பாலும் பின்பக்கமோ அடிப்பக்கமோ இருக்கிறது, பேச்சு சுவரில் மோதிக் காற்றாடிச் சத்தத்தில் கலந்துதான் நம்மிடம் வருகிறது. இன்றைய படங்களில் பின்னணி இசையை உயர்த்திப் பேச்சைத் தாழ்த்துவதும் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்களே சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறார்கள், ஆகவே சில வரிகள் பிடிபடவில்லை என்று பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை.

ஒரு கோரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன். இணையச் சேவைக்கு மாதச் சந்தா கட்ட இயலாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது இலவசத் தொலைக்காட்சி மட்டுமே, அதில் ஓடும் ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு மலாய் வரியைத் தவிர வேறு தெரிவில்லை. தேசிய மொழி வரிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவை அப்படியே இருக்கட்டும். ஆனால் 2019 அக்டோபரோடு பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டு நாடு முழுவதும் இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறிவிட்டது, அந்த முறையில் ஒரே நிகழ்ச்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சப்டைட்டில் அனுப்பி, பார்ப்பவர் தொலையியக்கியில் தேர்ந்தெடுக்கச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை இல்லை. ஆவணப்படங்களுக்கும் குடும்பத் தொடர்களுக்குமாவது ஆங்கில வரியை இரண்டாவது தெரிவாகச் சேர்க்கும்படி தொடர்பு அமைச்சையும் கல்வி அமைச்சையும் தமிழ்ப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் அந்த வாரம் வரும் ஆங்கில ஆவணப்படங்களின் நாளையும் நேரத்தையும் தனியாகக் கட்டமிட்டு வெளியிட்டால், மலாய் வரிகளின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்தாவது பிள்ளைகள் கேட்டுப் பழகுவார்கள். என் வகுப்பில் சிலர் அப்படித்தான் செய்தார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு